வாசல் மூடியதா, திறந்ததா?
தீர்க்கதரிசன வரம் பற்றிய கிறிஸ்தவ விவாதமும் நம் அறிஞர்கள் வகுத்த அளவுகோலும்

ஆண்டின் இறுதி நெருங்கும்போது திருச்சிராப்பள்ளியின் சுவர்களில் ஒருவகை விளம்பரங்கள் பெருகும். நள்ளிரவு ஆராதனை, புத்தாண்டு வாக்குத்தத்தச் செய்தி, தீர்க்கதரிசனக் கூட்டம் என்று அவை பலவாறு அறிவிக்கும். வருவோரின் எதிர்காலத்தைக் குறித்துத் தேவன் தம் ஊழியர் வாயிலாகப் பேசுவார் என்பதே அவற்றின் சாரம். ஸ்ரீரங்கத்தில் வாழும் என் நண்பரொருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், லுத்தரன் சபையைச் சேர்ந்த பழைய குடும்பத்தினர், இத்தகைய விளம்பரமொன்றைச் சுட்டிக்காட்டியபடி காவிரிப் பாலத்தருகே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஹஜ்ரத், உங்கள் மார்க்கத்தில் நபித்துவத்தின் வாசல் மூடிவிட்டது என்கிறீர்கள். எங்கள் சபைகளில் சிலர் அது இன்னும் திறந்திருக்கிறது என்கிறார்கள். எது நல்லது? மூடியிருப்பதா, திறந்திருப்பதா?"

அது வாதத்துக்காகக் கேட்கப்பட்ட கேள்வியன்று. அவருடைய நெருங்கிய உறவினரான ஒரு பெண்மணிக்கு நீண்டநாள் சர்க்கரை நோய். நோய் நீங்கிவிட்டதென ஒரு கூட்டத்தில் அவருக்குத் தீர்க்கதரிசனம் உரைக்கப்பட்டது. அவர் ஊசியையும் மாத்திரையையும் நிறுத்தினார். சில மாதங்களில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. உயிர் பிழைத்தார், ஒரு கண்ணின் பார்வை மீளவில்லை. அதன் பின்னரும் அவர், "என் விசுவாசம்தான் குறைவுபட்டது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நண்பரை வருத்தியது அந்தச் சொல்தான்.

உடனே விடை சொல்லிவிடலாம். அது நமக்கு எளிது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபிமார்களின் முத்திரை என்று திருமறை (33:40) அறிவிக்கின்றது. அவர்களுக்குப் பின் நபி இல்லை என்பது நம் அகீதாவின் அடிப்படை. ஆயினும், கேட்டவரின் மரபில் இக்கேள்வி எவ்வாறு எழுந்தது, அவர்களுடைய அறிஞர்கள் என்ன கூறினர் என்பதை அறியாமல் விடை கூறுவது அறிவு நேர்மையாகாது. மேலும், அவ்விவாதத்தை ஆராயப் புகுந்தபோது, அது நம் வீட்டுக் கூடத்திலும் நடக்கும் விவாதமே என்பது புலனாயிற்று.

மூன்று சொற்கள்

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வேதாகமம் "தீர்க்கதரிசி" என்னும் சொல்லை ஆள்கிறது. தொலைவிலுள்ளதைக் காண்பவர் என்பது அதன் பொருள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "இறைவாக்கினர்" என்கிறது. இறைவனின் வாக்கை எடுத்துரைப்பவர் என்பது இதன் பொருள். நாம் "நபி" என்கிறோம். செய்தி எனப் பொருள்படும் "நபஃ" என்னும் சொல்லோடு இதனை இணைத்துக் காண்பர் அரபு மொழி அறிஞர். எபிரேயத்திலும் இதே வேரிலிருந்து "நபி" என்னும் சொல் உண்டு. முன்னைய தலைமுறைத் தமிழ் முஸ்லிம் எழுத்தாளர்கள் அண்ணலாரையும் "தீர்க்கதரிசி" என்றே எழுதினர். ஆகவே, "தீர்க்கதரிசனம் தொடர்கிறது" என்று ஒரு கிறிஸ்தவர் கூறக் கேட்கும் முஸ்லிம், "மூஸா (அலை), ஈஸா (அலை) போன்ற நபிமார் இன்றும் வருகின்றனர்" என அவர் சொல்வதாகக் கருதிவிடுகிறார். பெரும்பாலும் அவர் சொல்வது அதுவன்று.

கிறிஸ்தவர்கள் பேசும் "தீர்க்கதரிசன வரம்" பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12 முதல் 14 வரையிலான அதிகாரங்களை அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ கி.பி. 55ஐ ஒட்டி எழுதப்பட்டது அந்நிருபம். குணமாக்கும் வரம், அந்நியபாஷை பேசும் வரம் முதலியவற்றோடு இவ்வரமும் அங்கே எண்ணப்படுகிறது. சபையாரைக் கட்டியெழுப்பவும் தேற்றவும் இது பயன்பட வேண்டும் என்பார் பவுல். இருவர் அல்லது மூவர் பேசலாம். மற்றவர்கள் அதனை நிதானித்து அறிய வேண்டும் என்றும் நிபந்தனை விதிப்பார். இந்த நிபந்தனை கருதத்தக்கது. நபி கூறியதை உம்மத்து நிறுத்துப் பார்ப்பதில்லை, ஏற்றுக் கீழ்ப்படிகிறது. நிறுத்துப் பார்க்கப்பட வேண்டிய ஒன்று, சொல் ஒன்றாயினும், நுபுவ்வத்தினின்றும் வேறான ஒரு நிலையாகவே இருக்க முடியும்.

ஓய்ந்தது என்போரும் தொடர்கிறது என்போரும்

அந்நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில், நிறைவானது வரும்போது தீர்க்கதரிசனங்கள் ஒழிந்துபோகும் என்னும் கருத்து வருகிறது. "நிறைவானது" எது என்பதில்தான் கிறிஸ்தவ உலகம் இரண்டுபட்டது. வேதாகமம் எழுதி முடிக்கப்பட்டதையே அது குறிக்கிறது என்று ஒரு சாரார் கூறுவர். வேறு சிலர், அற்புத வரங்கள் அப்போஸ்தலருக்குச் சான்றாகவே அருளப்பட்டன, அவர்களுடைய காலத்தோடு அவற்றின் பணி முடிந்தது என வாதிடுவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்ஃபீல்டு 1918இல் "போலி அற்புதங்கள்" எனப் பொருள்படும் நூலில் இரண்டாவது வாதத்தை விரித்துரைத்தார். மறுசாரார், நிறைவானது என்பது கிறிஸ்துவின் மறுவருகையே. அதுவரை வரங்கள் தொடரும் என்பர். பெந்தெகொஸ்தே சபைகள் இத்தரப்பின.

திருச்சிராப்பள்ளி இவ்விரு தரப்பையும் ஒருசேரக் காணத்தக்க நகரம். 1766இல் ஷ்வார்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் போதகர் கட்டிய கிறிஸ்து ஆலயம் மலைக்கோட்டையை அடுத்து இன்றும் நிற்கிறது. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இந்நகரிலேயே உள்ளது. அச்சபையின் மூலவரான மார்ட்டின் லூதர், 1522இல் விட்டன்பர்க் நகரில், தங்களுக்கு இறைவன் நேரே பேசுகிறான் எனக் கூறி வந்த "சுவிக்காவு தீர்க்கதரிசிகள்" எனப்பட்டோரைக் கடுமையாக எதிர்த்தார். எழுதப்பட்ட வேதத்துக்கு வெளியே ஆவியானவரைத் தேடுவது ஆபத்து என்பது அவர் நிலைப்பாடு. வேதத்தை விளக்கிப் போதிப்பதே இன்றைய தீர்க்கதரிசனம் எனக் கொள்ளும் போக்கு சீர்திருத்த மரபுகளில் வலுப்பெற்றது. இவ்வாறான மரபில் வளர்ந்த என் நண்பரின் குடும்பத்தில், இளைய தலைமுறையினர் சுயாதீன சபைகளுக்குச் செல்கின்றனர். ஒரே வீட்டின் முன்கூடத்தில் ஓய்ந்தது என்பாரும், பின்கட்டில் தொடர்கிறது என்பாரும் இருக்கின்றனர்.

கத்தோலிக்கர் நடுவழி செல்வர். இறைவெளிப்பாடு கிறிஸ்துவோடு நிறைவுற்றது, புதிய பொது வெளிப்பாடு இனி இல்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏட்டில் கூறிற்று. தனியார் பெறுவதாகக் கூறும் காட்சிகளை ஆராயலாம். ஆனால் அவை விசுவாசத்தின் பகுதியாகா. 2024 மே மாதத்தில் வத்திக்கான் வெளியிட்ட புதிய நெறிமுறைகளோ இன்னும் எச்சரிக்கையானவை. இத்தகைய நிகழ்வு இயற்கை கடந்தது என்று உறுதிபட அறிவிப்பதையே பொதுவாகத் தவிர்த்துவிட்டு, பின்பற்றத் தடையில்லை என்ற அளவோடு நின்றுகொள்ள அவை வழிசெய்கின்றன.

தென்னாட்டில் நிகழ்ந்தவை

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாக 1906ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருக் கூட்டங்களைக் குறிப்பது வழக்கம். அதற்கு 46 ஆண்டுகள் முன்பே தமிழகத்தில் இது நிகழ்ந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். திருநெல்வேலிச் சீமையில் 1810இல் பிறந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், ரேனியஸ் ஐயரின் மாணாக்கர். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரின் செல்வாக்குக்கு உட்பட்டு, வெளிநாட்டு மிஷனின் சம்பளத்தைச் சாராத ஊழியத்தை நடத்தியவர். கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரை நிறுவினார். 1860இல் அவ்வட்டாரத்தில் எழுந்த எழுப்புதலில் மக்கள் அழுதனர், நடுங்கினர், காட்சிகள் கண்டனர், தீர்க்கதரிசனம் உரைத்தனர், அறியாத மொழிகளில் பேசினர் என்று அவருடைய குறிப்புகள் கூறுகின்றன. அதே ஆண்டில் லண்டன் மிஷன் இதழொன்றில் இச்செய்தி வெளிவந்தது. குரோவ்ஸ் சார்ந்திருந்த சகோதர சபை மரபினரில் மிகப் பலர் இன்று வரங்கள் ஓய்ந்தன என்னும் தரப்பில் நிற்பது வரலாற்றின் விந்தை.

இவ்வெழுப்புதலின் அலை 1873ஐ ஒட்டித் திருவிதாங்கூரை எட்டியது. அங்கே யுஸ்துஸ் யோசேப்பு என்பவர் முன்னணியில் நின்றார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்று, ஆங்கிலிக்க போதகரானவர், கல்வியில் சிறந்தவர், கீர்த்தனைகள் இயற்றியவர். அவர் வட்டத்தில் 1875இல் ஒரு முன்னறிவிப்பு எழுந்தது. ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து மீண்டும் வருவார் என்பது அது. நம்பியோர் தனிச் சபையாயினர். "ஆறு ஆண்டுக் கட்சியினர்" என்றே அவர்களுக்குப் பெயர் ஏற்பட்டது. 1881 வந்தது, போயிற்று. முன்னறிவிப்பு வேறொரு பொருளில் நிறைவேறியது என்று விளக்கம் கூறப்பட்டது. பெருந்திரள் கலைந்து, சிறு குழுவொன்று எஞ்சியது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யுஸ்துஸ் யோசேப்பைப் பொய்யர் என்று கூற எவ்விதச் சான்றும் இல்லை. அவர் இழந்தது மிகுதி, பெற்றது ஒன்றுமில்லை. நேர்மையும் கல்வியும் பக்தியும் உடைய ஒருவரும், தம் உள்ளத்தில் தோன்றியதை இறைவனின் குரலாகக் கொண்டு பிழைபட முடியும் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம். வஞ்சகனை இனங்காண்பது எளிது. நல்லவரின் பிழையிலிருந்து காத்துக்கொள்வதே கடினம்.

இது கடந்த நூற்றாண்டுகளோடு முடிந்ததுமன்று. 2020ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் மீண்டும் வெல்வார் என்று அங்குள்ள தீர்க்கதரிசன ஊழியர் பலர் இறைவனின் பெயரால் முன்னறிவித்தனர். அவ்வாறு நடவாதபோது சிலர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டனர். அவர்களுக்கு வந்த வசைகள் ஏராளம். மன்னிப்புக் கேட்டதற்காகவே வசை பாடினோரும் உண்டு. 2021 ஏப்ரலில், வரங்கள் தொடர்கின்றன என நம்பும் தலைவர்களே ஒன்றுகூடி, தீர்க்கதரிசனம் உரைப்போர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகளை ஓர் அறிக்கையாக வெளியிட்டனர்.

செய்தி மெய்யா, செய்தியாளர் பிழையற்றவரா?

தொடர்கிறது என்போரின் தரப்பில் மிக நுட்பமான வாதத்தை முன்வைத்தவர் வேய்ன் குரூடம். 1988இல் வந்த தம் நூலில் அவர் கூறுவதன் சுருக்கம் இது: பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசிகளுக்கு ஒப்பானவர்கள் புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர்களே. சபையின் சாதாரணத் தீர்க்கதரிசனம் அத்தகையதன்று. ஒருவர் உள்ளத்தில் இறைவன் ஓர் உணர்வை உண்டாக்கலாம். அதனை அவர் தம் சொல்லில் கூறும்போது பிழை நேரலாம். இதற்கு அவர் அகபு என்பவரின் நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவார். யூதர்கள் பவுலைக் கட்டிப் புறவினத்தாரிடம் ஒப்படைப்பர் என்று அகபு கூறினார் (அப்போஸ்தலர் 21). அதே அதிகாரத்தின் பிற்பகுதியிலோ, பவுலைச் சங்கிலியால் கட்டச் செய்தவன் உரோமப் படைத்தலைவன். யூதர்களின் கையினின்று அவன் பவுலை மீட்டான். சாரம் சரி, விவரம் பிசகிற்று என்பது குரூடமின் முடிவு. இதனை மறுப்போரும் உண்டு: பிசகக்கூடிய ஒன்றை இறைவாக்கு என்று ஏன் அழைக்க வேண்டும் என்பது அவர்களின் வினா.

இவ்விடத்தில்தான் நம் மரபு நினைவுக்கு வருகிறது. நுபுவ்வத்தின் வாசல் மூடியது என்று கூறும் நாம், இறைவன் மனித உள்ளங்களோடு தொடர்பை முற்றாகத் துண்டித்துக்கொண்டான் என்று கூறுவதில்லை. நுபுவ்வத்தில் நற்செய்திகளான முபஷ்ஷிராத் மட்டுமே எஞ்சியுள்ளது, அது நல்ல கனவு என்னும் கருத்திலான நபிமொழி புகாரியில் உள்ளது. நல்ல கனவு நுபுவ்வத்தின் 46 பகுதிகளில் ஒன்று எனவும் அறிவிப்பு உண்டு. முன்னைய சமுதாயங்களில் உள்ளுதிப்பு வழங்கப்பட்ட "முஹத்தஸ்" என்போர் இருந்தனர். என் சமுதாயத்தில் அத்தகையோர் எவரேனும் இருப்பின் அவர் உமர் எனவும் அண்ணலார் கூறியிருக்கிறார்கள். அவ்வுமர் (ரலி) அவர்களே ஹுதைபிய்யா உடன்படிக்கையின்போது அதன் நிபந்தனைகளை ஏற்க இயலாது தவித்தார்கள். அண்ணலார் மறைந்த நாளில் அவர்கள் மரணிக்கவில்லை என்று கூறி நின்றார்கள். ஈரிடத்திலும் அபூபக்ர் (ரலி) அவர்களின் தெளிவே சரியாயிற்று. இரண்டாவது நிகழ்ச்சியில், அபூபக்ர் (ரலி) திருவசனத்தை ஓதியதும் உமர் (ரலி) அடங்கிவிட்டார்கள். உள்ளுதிப்பு உடையவரும் பிழைபடலாம்; அவர் வேதத்தின் முன் அடங்குவார் என்பதே அவருடைய சிறப்பு.

நம் அரபுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் அகாயிதுந் நஸஃபிய்யா என்னும் நூல், அறிவு பெறும் வாயில்களை மூன்றாக வகுக்கிறது: பழுதற்ற புலன்கள், உண்மைச் செய்தி, பகுத்தறிவு. பின், ஒன்றின் உண்மையை அறியும் வாயில்களில் இல்ஹாம் சேராது எனவும் தெளிவாகக் கூறுகிறது. விரிவுரையாளர் தஃப்தாஸானீ (ரஹ்) இதனை விளக்கும்போது, இல்ஹாம் பெற்றவருக்கே அது பயன் தருவதை மறுப்பதன்று நோக்கம். அனைவருக்கும் பொதுவான, பிறர்மீது சுமத்தத்தக்க சான்றாக அது ஆகாது என்பதே கருத்து எனும் வகையில் பொருள் கொள்வார்.

இமாம் நவவீ (ரஹ்) கூறும் ஓர் எடுத்துக்காட்டு ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தோர் நன்கறிந்தது. ஷஃபான் 30ஆம் இரவில் பிறை தென்படவில்லை. ஒருவர் கனவில் அண்ணலாரைக் காண்கிறார். இன்று ரமலான் முதல் இரவு என அவர்கள் அறிவிக்கின்றனர். அக்கனவை வைத்து நோன்பு நோற்கலாமா? கூடாது என்பது தீர்ப்பு. கனவில் அண்ணலாரைக் கண்டவர் அவர்களையே கண்டார் என்பது ஹதீஸால் உறுதிப்பட்டது. எனவே காட்சி பொய்யன்று. ஆனால் கேட்டதைப் பிறழாது பதிந்து காக்கும் "ளப்து" என்னும் தகுதி உறங்குபவரிடம் இல்லை. சாட்சியத்துக்கும் அறிவிப்புக்கும் அத்தகுதி நிபந்தனையாயிற்றே! செய்தியின் மூலத்தை ஐயுறாமல், செய்தியைத் தாங்கி வருபவரின் திறனை மட்டுமே கேள்விக்குள்ளாக்கும் இந்த நுட்பத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே நம் இமாம் தெளிவுறக் கூறியிருக்கிறார். குரூடம் 20ஆம் நூற்றாண்டில் அடைந்த இடம் இதற்கு வெகு தொலைவிலன்று.

ஆகவே, இறைவன் பேசுகிறானா என்பது இங்கே முதன்மையான கேள்வியன்று. "இறைவன் எனக்குச் சொன்னான்" என்று ஒருவர் கூறும்போது, அக்கூற்று மற்றொருவரின் உடல்மீதும் பொருள்மீதும் திருமணத்தின்மீதும் அதிகாரம் செலுத்தலாமா என்பதே கேள்வி. எல்லா மரபுகளும் இதற்கு வேலி அமைத்துள்ளன. ஸ்ரீரங்கம் கோயிலில் ஒருவரை மரியாதைக்கு அழைக்கையில், பெருமாளே அழைப்பதாகக் கூறப்படும் "அருளப்பாடு" என்னும் வழக்கம் உண்டு. ஆனால் யாரை, எப்போது, எந்த வரிசையில் என்பதைக் கோயிலொழுகு வரையறுத்துவிட்டது. ஆதிக் கிறிஸ்தவ ஏடான "திடாக்கே", ஊருக்கு வரும் அப்போஸ்தலர் மூன்று நாள் தங்கினாலோ, பணம் கேட்டாலோ அவர் பொய்த் தீர்க்கதரிசி என விதித்தது. அறிவு பழைமையானது, மறதிதான் புதியது.

நம் கூடத்தை நோக்கினால்

நண்பரின் உறவினருக்கு நேர்ந்ததைக் கேட்டு, "நம்மிடம் இது இல்லை" என்று ஆறுதல் கொள்ளும் தகுதி நமக்கு உண்டா? பல ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஒருவர், குடலிறக்கத்துக்கு அறுவை வேண்டுமென மருத்துவர் கூறிய பின்னும், பெரியார் ஒருவர் கனவில் வந்து வேண்டாம் என்றதாகக் கூறி நாள் கடத்தினார். என்னிடம் கனவுக்குத் தஃபீர் கேட்க வந்தார். நான் நஸஃபீயை ஓதிக் கொடுப்பவன். அவரிடம் வெளிப்படையாகப் பேசத் தயங்கினேன். பெரியாரை மறுப்பதாக எண்ணுவாரோ என்ற அச்சம். வலி முற்றிய பின் நள்ளிரவில் அவரைத் தூக்கிச் சென்றனர். அல்லாஹ் காத்தான். ஆயினும் என் தயக்கத்துக்கு நான் பொறுப்பாளி என்பதை மறக்கவில்லை. கொள்கையில் வாசலை மூடிவிட்டு, வழக்கில் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்.

அபூ சுலைமான் தாரானீ (ரஹ்) என்னும் முற்கால ஸூஃபி, தம் உள்ளத்தில் தோன்றும் நுண்பொருள் எதையும் குர்ஆன், சுன்னத் ஆகிய இரு நேர்மையான சாட்சிகள் இன்றி ஏற்பதில்லை என்னும் கருத்தில் உரைத்ததை இமாம் குஷைரீ பதிவு செய்திருக்கிறார். ஸூஃபிகளே இவ்வாறு கூறியிருக்க, அவர்கள் பெயரால் சாட்சியில்லாத தீர்ப்புகளை ஏற்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று.

அன்று பாலத்தருகே நண்பருக்கு நான் கூறிய விடை இதுதான்: "சார், வாசல் மூடியது என்பது எங்கள் ஈமான். திறந்திருக்கிறது என்பது உங்களில் சிலருடைய நம்பிக்கை. அதில் நாம் இருவரும் உடன்பட முடியாது. ஆனால் திறந்திருக்கிறது என்போரின் வேதமே நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது. அந்த அம்மையாருக்கு உரைக்கப்பட்டதை நிறுத்துப் பார்த்தவர் யார்? கூட்டத்தில் ஒருவராவது 'மருத்துவரிடம் சோதித்த பின் மாத்திரையை விடுங்கள்' என்றாரா? அவர் விசுவாசம் குறையவில்லை. அவரைச் சுற்றியிருந்தோரின் கடமைதான் குறைந்தது. இதை அவரிடம் சொல்லுங்கள்."

சில நாள் கழித்து அவ்வாறே சொன்னதாகவும், அப்பெண்மணி நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு மாத்திரைப் பெட்டியை எடுத்து வரச் சொன்னதாகவும் நண்பர் தெரிவித்தார்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.